பழைய ஆம்பின் விலையை எழுதுவது யார்?



கிதாரைப் பற்றி நாம் எதை வெளியிட்டாலும் பின்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. வெளிநாட்டில் யாரோ ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை விற்கிறார்கள். படத்தைப் பார்த்தால் ஓரம் கிழிந்த மரப்பெட்டி. விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. “இதில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். சிலர் கோபமாகவே கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அலெக்சாண்டர் டம்பிள் என்ற கலிஃபோர்னியாக்காரர் செய்த ஆம்ப் ஒன்று கைமாறும்போது 1 லட்சம் டாலரைத் தாண்டுவது இன்று செய்தியே இல்லை. நம் பணத்தில் 80 லட்ச ரூபாய்க்கு மேல். சென்னைப் புறநகரில் அந்தப் பணத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்துவிடலாம். இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது.

கிதார் வாசிக்காதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் நாம் பார்க்கும் மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே வேலைதான். உள்ளே போன குரல் மாறாமல், பெரிதாகி வெளியே வர வேண்டும். அஹுஜா பெட்டி கரகரத்தால் மைக் செட்காரர் ஓடி வருவார். மின்கிதார் வாசிப்பவருக்கோ பல சமயம் அந்தக் கரகரப்புதான் வேண்டும். வால்வு ஆம்பில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வால்வுகளால் அலையை முழுசாகக் கடத்த முடியாது. அலையின் உச்சி மழுங்கும், மூலச் சுரத்தோடு புதிய மேற்சுரங்கள் சேரும், ஒலி தடிக்கும். மெதுவாகத் தொட்டால் தெளிவு, அழுத்தி வாசித்தால் உறுமல். அந்த உறுமல் எப்போது தொடங்கும், எப்படி அடங்கும் என்பதை வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், பெட்டியின் மரம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே கிதார்காரர்களுக்கு ஆம்ப் பாதி இசைக்கருவி. ஒரே கிதாரை வேறு ஆம்பில் செருகினால் வேறு கிதார் ஆகிவிடும்.

இதெல்லாம் பழைய ஆம்பை ஏன் விரும்புகிறார்கள் என்பதைச் சொல்லும். ஒன்றுக்கு ஆயிரம் டாலர், இன்னொன்றுக்குப் பத்தாயிரம் டாலர் ஏன் என்பதைச் சொல்லாது.

அன்று அதிக விலைக்கு விற்றதும் அதிக சக்தி கொண்டதும்தான் இன்றும் அதிக விலை போகும் என்று நினைப்போம். சந்தை அந்த நினைப்பைக் கவிழ்த்துவிடும். 1960களின் நடுவில் ஃபெண்டர் நிறுவனத்தின் பெருமைக்குரிய ஆம்ப் ட்வின் ரிவெர்ப். நான்கு 6எல்6 வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், 85 வாட், 30 கிலோவை ஒட்டிய எடை. மேடை மேடையாகப் போகும் தொழில்முறைக் கலைஞர்களுக்கானது. அதே வரிசையில் டீலக்ஸ் ரிவெர்ப் அதன் சின்னத் தம்பி. இரண்டு 6வி6 வால்வு, ஒரே ஒரு ஸ்பீக்கர், 20 வாட் சொச்சம். அன்று கடையில் ட்வினின் விலை டீலக்ஸைவிட மிக அதிகம். இன்று பழைய பொருள் சந்தையில் அதே ஆண்டு டீலக்ஸ் ரிவெர்ப்தான் ட்வினை மிஞ்சி விற்கிறது.

காரணம் எளிது. ட்வின் உறும வேண்டுமானால் தெருவே அதிர வேண்டும். அந்தக் காலத்தில் மேடை ஒலிபெருக்கிகள் சிறியவை, கிதார் ஆம்பே அரங்கம் முழுவதையும் நிரப்ப வேண்டியிருந்தது. இன்று ஆம்பின் முன்னால் ஒரு மைக்கை வைத்துவிட்டால் மீதியை அரங்க ஒலியமைப்பு பார்த்துக்கொள்ளும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் வீட்டில், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமைக்கு உட்பட்டு வாசிப்பவர்கள். மாடிப்படியில் 30 கிலோ தூக்கும் வயதும் பலருக்குக் கடந்துவிட்டது. குறைந்த ஒலியிலேயே இனிமையாக உறுமும் சின்ன ஆம்புக்கு ஆள் அதிகம். முதுகுவலியும் அடுக்குமாடி வாழ்க்கையும் விலையில் பங்கு வகிக்கின்றன என்றால் சிரிப்பீர்கள். ஆனால் நடப்பது அதுதான்.

அடுத்த காரணம் ஒலித்தட்டு. ஃபெண்டர் பாஸ்மேன் என்ற ஆம்ப் பேஸ் கிதாருக்காகப் பிறந்தது. 1950களின் இறுதியில் வந்த அதன் 5எஃப்6-ஏ வடிவத்தில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் இருந்தன. சத்தம் கூடினால் பேஸின் கனமான சுரங்கள் அதில் உடைந்துபோயின. ஆனால் சாதாரணக் கிதாரை அதில் செருகிய பிளூஸ் கலைஞர்கள் விடவில்லை. பட்டி கை அவர்களில் புகழ்பெற்றவர். எந்த வேலைக்கு வந்ததோ அதில் தடுமாறி, வராத வேலையில் பெயர் வாங்கிய ஆம்ப் அது.

அதன் கதை அங்கே முடியவில்லை. லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் ஓர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். பின்னாளில் கிதாரில் பெயர் பெற்ற பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்ற இளைஞர்கள் கடைக்கு வருவார்கள். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான ஃபெண்டர், இங்கிலாந்தில் ஆனைவிலை. கடையின் பழுதுபார்ப்பவர் கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளம் தொழில்நுட்பரும் ஒரு பாஸ்மேனைப் பிரித்துப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைக் கொண்டு அதே சர்க்யூட்டைக் கட்டினார்கள். 1962இல் ஜேடிஎம்45 பிறந்தது. பாகங்கள் மாறியதால் ஒலியும் மாறியது. திறந்த முதுகுள்ள பெட்டிக்குப் பதில் மூடிய பெட்டி, ஜென்சனுக்குப் பதில் செலெஸ்டியன். மலிவாக வேண்டும் என்று செய்த நகல், தனிக் குரலோடு நின்றுவிட்டது.

1966இல் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் பிளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு ஒலிப்பதிவுக்குப் போனபோது கொண்டுபோனது அந்த வழியில் வந்த ஒரு மார்ஷல் காம்போவை, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளதை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு அவர் இசையவில்லை என்பது ராக் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தத் தட்டு வெளியான பிறகு அந்தக் காம்போவுக்கே ‘பிளூஸ்பிரேக்கர்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அசல் 1960களின் பிளூஸ்பிரேக்கர் இன்று எட்டாத விலை. வாங்க நினைப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை: அதன் மாடல் எண் 1962. அது தயாரித்த ஆண்டு அல்ல, விலைப்பட்டியல் எண். இன்னொரு புகழ்பெற்ற மார்ஷலின் எண் 1959. இரண்டையும் ஆண்டு என்று நம்பிப் பேரம் பேசியவர்கள் உண்டு.

ஒலித்தட்டின் சக்தி எவ்வளவு என்பதற்கு லெட் செப்பலின் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் இன்னும் நல்ல சாட்சி. அந்தக் குழுவின் முதல் தட்டு 1969இல் வந்தது. அதில் வாசித்தது ஒரு சூப்ரோ ஆம்பில் என்று அவரே சொல்லியிருக்கிறார். சூப்ரோ என்பது சிகாகோவின் வால்கோ நிறுவனம் செய்த, நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் வாங்கக்கூடிய மலிவு ரகம். எந்தச் சூப்ரோ என்பதில் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். விளைவு, ‘அதுவாக இருக்கலாம்’ என்று பெயர் வாங்கிய ஒவ்வொரு மாடலும் விலை ஏறியது. 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ராக் இசைக்கருவிகளுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தபோது பேஜின் கருவிகளும் அங்கே இருந்தன. ஒரு காலத்தில் பழைய சாமான் கடையில் கிடந்த ரகம், ஓவியங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

தட்டைக் கேட்ட பையனுக்குக் கையில் காசு வரும் காலமும் விலையில் பேசும். 15 வயதில் ஆசைப்பட்டதை 45 வயதில்தான் பலரால் வாங்க முடிகிறது. கிளாப்டனையும் ஹெண்ட்ரிக்ஸையும் கேட்டு வளர்ந்தவர்கள் வசதியாக நின்றபோது 1960களின் மார்ஷல் எகிறியது. மெட்டாலிகாவைக் கேட்டு வளர்ந்தவர்களின் முறை அடுத்து வந்தது. மீசா பூகி நிறுவனத்தின் மார்க் 2சி பிளஸ் 1980களின் நடுவில் குறுகிய காலமே தயாரானது. 1986இல் வந்த மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ தட்டின் கிதார் ஒலியில் அதற்குப் பங்குண்டு. இன்று அதன் விலை அதே குடும்பத்தின் மற்ற ஆம்புகளை எங்கோ விட்டுவிட்டுப் போய்விட்டது. இப்போது 1990களின் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். கிதார் கலைஞர் எடி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி நிறுவனம் 1992இல் கொண்டுவந்த 5150, நீண்ட காலம் பழைய சந்தையில் மலிவாகக் கிடைத்த ஆம்ப். அதன் முதல் தயாரிப்புகளைத் தேடி இன்று ஆள் அலைகிறது.

புகழ்பெற்றவர் வாசித்தால் போதும், விலை ஏறிவிடும் என்றும் சொல்ல முடியாது. பிளூஸ் கலைஞர் பி.பி. கிங் விரும்பி வாசித்தது லேப் சீரீஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப். அவரைவிடப் பெரிய பெயர் வேண்டுமா? ஆனால் அதன் விலை இன்றும் சாதாரணம்தான். டிரான்சிஸ்டர் என்றாலே வால்வு பக்தர்கள் முகம் சுளிப்பது ஒரு காரணம். கிங்கின் ஒலி அவர் விரலில் இருந்தது, பெட்டியில் இல்லை என்று எல்லோரும் நம்புவது இன்னொன்று. ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120 இன்னொரு பாடம் சொல்கிறது. 1975இல் வந்தது, உலகெங்கும் ஒத்திகை அறைகளில் நிற்பது, பேர்பெற்ற தெளிவான ஒலி. ஆனாலும் பழையது பெரிய விலை போவதில்லை. இன்றும் புதிதாகவே கிடைக்கும்போது பழையதற்கு யார் அள்ளிக் கொடுப்பார்கள்?

அங்கிருந்து அருமைக்கு வருவோம். டம்பிளின் கதை அதுதான். அவர் வாழ்நாளில் செய்தவை சுமார் 300 என்பது பொதுவான கணக்கு. கடையில் கிடைக்காது. கேட்டவருக்கெல்லாம் செய்து தரவும் மாட்டார். வாசிப்பவர் தம் எதிரில் வாசிக்க வேண்டும், அந்தக் கைக்கு ஏற்றபடி ஆம்பைப் பதப்படுத்துவார். ராபன் ஃபோர்டு, லாரி கார்ல்டன், கார்லோஸ் சந்தானா, பிற்காலத்தில் ஜான் மேயர் என்று வாடிக்கையாளர் பட்டியல் நீளும். ஸ்டீவி ரே வானின் முதல் தட்டு ஜாக்சன் பிரவுனின் ஸ்டுடியோவில் பதிவானபோது அங்கிருந்த ஒரு டம்பிள் அதில் ஒலித்தது. பிறகு வானும் தனக்கென்று வாங்கிக்கொண்டார். சர்க்யூட்டை யாரும் நகலெடுக்காதபடி முக்கியப் பகுதியின்மேல் எபாக்சி பிசினை ஊற்றி மூடியது டம்பிளின் பழக்கம். ஆவலைத் தூண்ட அதைவிட நல்ல வழி இல்லை. 2022 ஜனவரியில் அவர் காலமானார். இனி ஒன்றுகூட வராது என்பது உறுதியானதும் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நியூஜெர்சியின் கென் ஃபிஷர் இதே இனத்தவர், குணத்தில் வேறு. ஆம்பெக் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, வீட்டில் ஒற்றை ஆளாக டிரெயின்ரெக் என்ற பெயரில் ஆம்புகள் கட்டினார். வரிசை எண்ணுக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர். பளபளப்பான கட்டை, முகப்பில் ஒரு கைப்பிடி அளவு குமிழ்கள், உள்ளே காதால் கேட்டுப் பொறுக்கிய பாகங்கள். நீண்ட கால நோய் அவர் வேகத்தைக் குறைத்தது. 2006இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்றவை மிகச் சிலவே. அவை இன்று பல பத்தாயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. இந்த வணிகத்தில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. மறுவிற்பனையில் விலை நூறு மடங்கு ஏறினாலும் செய்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு காசு போகாது. லாபம் முழுக்கக் கைமாற்றியவர்களுடையது.

எண்ணிக்கை குறைவாக இல்லாத ஆம்புகளில் அருமையைத் தேதி உண்டாக்குகிறது. லியோ ஃபெண்டர் உடல்நலக் குறைவால் 1965 ஜனவரியில் தம் நிறுவனத்தை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். சேகரிப்பாளர்களுக்கு அது கிறிஸ்துவுக்கு முன், பின் மாதிரி. ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தியது’ என்றால் ஒரு விலை, பிந்தியது என்றால் ஒரு விலை. இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைய கறுப்பு முகப்பு ஃபெண்டர் வரிசையின் ஏபி763 சர்க்யூட் விற்பனை நாளோடு மாறிவிடவில்லை. 1964 டீலக்ஸ் ரிவெர்பையும் 1966 டீலக்ஸ் ரிவெர்பையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் பிரித்துச் சொல்வது கடினம். முகப்பில் அச்சிட்ட நிறுவனப் பெயர் மாறியிருக்கும். விலையும் மாறியிருக்கும்.

1967-68 வாக்கில் முகப்பு வெள்ளி நிறத்துக்கு மாறியது. பெரிய ஆம்புகள் சிலவற்றில் சர்க்யூட்டையும் மாற்றினார்கள், வாசிப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கெட்ட பெயர் வெள்ளி முகப்பு வரிசை மொத்தத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் பிரின்ஸ்டன் ரிவெர்ப் போன்ற சின்ன ஆம்புகளின் உள்ளே பெரிய மாற்றம் ஏதும் நடக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தவர்கள் அதைப் பல ஆண்டுகள் மலிவாக வாங்கி மகிழ்ந்தார்கள். பிறகு விஷயம் வெளியே தெரிந்தது, இன்று அதுவும் மலிவு இல்லை.

மூடியைத் திறப்பது பற்றிச் சொன்னேன். விலையின் பெரும் பகுதி அங்கேதான் தீர்மானமாகிறது. ஒரு பழைய ஃபெண்டரைத் திறக்கும் அனுபவசாலி, முதலில் ஒலியைக் கேட்க மாட்டார், எண்களைப் படிப்பார். டிரான்ஸ்ஃபார்மரில் 606-4-32 என்று இருந்தால் 606 என்பது ஷூமேக்கர் நிறுவனத்தின் குறி, 4 என்பது 1964, 32 என்பது ஆண்டின் 32ஆவது வாரம். ஜென்சன் ஸ்பீக்கரின் எண் 220 என்று தொடங்கும். குமிழுக்குப் பின்னாலுள்ள பாகம் ஸ்டாக்போல் செய்தது என்றால் 304, சிடிஎஸ் என்றால் 137. பெட்டிக்குள் ஒட்டிய வால்வு அட்டவணைத் தாளில் என்ஹெச் என்று இரண்டு எழுத்து முத்திரை இருந்தால் 1964 ஆகஸ்ட். எல்லாத் தேதிகளும் சில மாத இடைவெளிக்குள் ஒத்துப்போனால் அந்த ஆம்ப் பிறந்தபடியே இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் 1980களைக் காட்டினால் விலையில் பெரிய வெட்டு விழும்.

இந்த அசல் வெறியிலும் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் காய்ந்து கெடும்; மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்காக யாரும் விலையைக் குறைப்பதில்லை. பழைய இரண்டு கம்பி மின்வயரை எடுத்துவிட்டு எர்த்துடன் மூன்று கம்பி வயர் போட்டிருந்தால் பாராட்டவே செய்வார்கள். பழைய அமைப்பில் மின்சாரத்துக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருந்தது. அது பழுதானால் வாசிப்பவர் உயிருக்கே ஆபத்து என்பதால் ‘டெத் கேப்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். தேய்ந்துபோகும் பாகத்தை மாற்றினால் சந்தை மன்னிக்கும். ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர், மேல் உறை, முன்துணி ஆகியவற்றை மாற்றினால் மன்னிக்காது. முகப்பில் புதிதாகத் துளை போட்டு ஒரு குமிழைச் சேர்த்தவர் 1970களில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருப்பார். அந்தத் துளைதான் இன்று அவர் வாரிசுக்குப் பாதி விலையைத் தின்கிறது.

அசலுக்கு விலை கூடினால் போலியும் வரும். மார்க் 2சி பிளஸ்ஸை அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்று, பின்பக்கம் மின்வயர் வெளிவரும் இடத்துக்கு மேலே மார்க்கர் பேனாவால் போட்ட ஒரு கூட்டல் குறி. ஒரு பேனாவும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் யாரும் அதைப் போட்டுவிடலாம் இல்லையா? அதனால்தான் குறியை மட்டும் நம்பாமல் உள்ளே சர்க்யூட்டைப் பார்க்கிறார்கள். யார் வாங்கினார், யாரிடம் போனது, ரசீது உண்டா, பழைய புகைப்படம் உண்டா என்ற வரலாறும் பணமாகிறது. கிதார்களிலும் இதே கதைதான்: 2019இல் கிதார் கலைஞர் டேவிட் கில்மோரின் கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் கிதார் யார் கையில் இருந்தது என்பதில் ஐயமே இல்லாததுதான் அந்த விலைக்கு அடித்தளம்.

வெளிக் காரணங்களையும் விரைவாகப் பார்த்துவிடலாம். இணையச் சந்தைகள் வந்த பிறகு, எங்கே என்ன விலைக்கு விற்றது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சிகாகோவில் 2013இல் தொடங்கிய ரிவெர்ப் என்ற இசைக்கருவிச் சந்தையை ஆறே ஆண்டில் எட்சி நிறுவனம் 27.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வணிகம் எவ்வளவு பெரிதென்று இதிலிருந்தே தெரியும். ஊர்க்கோடியில் மலிவாகக் கிடைப்பது குறைந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் கிதார் பக்கம் திரும்பியதில் புதியதும் பழையதும் சேர்ந்து ஏறின.

வால்வு கிடைப்பதும் ஒரு விஷயம். உலகில் இன்று கிதார் ஆம்ப் வால்வுகளைப் பெருமளவில் செய்யும் ஆலைகள் சிலவே: ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவ் ஆலை, சீனத் தயாரிப்பாளர்கள். 2022இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது சில வாரங்களுக்குள் வால்வு விலை எகிறியது. இங்கிலாந்தின் முல்லார்டு, அமெரிக்காவின் ஆர்சிஏ போன்ற மூடிப்போன ஆலைகளின் பயன்படுத்தாத பழைய வால்வுகளுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது; உங்கள் ஊர் பழைய ரேடியோ மெக்கானிக் கடையின் அட்டைப்பெட்டியில் ‘பெல்’ என்று அச்சிட்ட வால்வு கிடந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கணினியால் ஆம்பின் ஒலியைப் போலச்செய்யும் கருவிகள் 1990களின் இறுதியில் லைன் 6 பாட் வந்ததிலிருந்தே பெருகிவருகின்றன. 2019இல் ஃபெண்டரே டோன் மாஸ்டர் என்ற பெயரில் வால்வு இல்லாத, சுமார் 10 கிலோ எடையுள்ள டீலக்ஸ் ரிவெர்பைக் கொண்டுவந்தது. மீசா பூகி 2024இல் மார்க் 2சி பிளஸ்ஸை மறுபடி தயாரித்தது. இவை பழையவற்றின் விலையை அடியோடு சாய்த்துவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. அன்றாட உழைப்புக்கு ஆம்ப் வேண்டியவர்கள் புதியவற்றின் பக்கம் போனார்கள். சுமப்பதற்குக் கனமான, எண்ணிக்கையில் மலிந்த, பெரிய பெயர் இல்லாத பழைய ஆம்புகளைத்தான் அது பாதித்தது. பெயருள்ளவை பெயரோடே இருக்கின்றன.

இங்கிருந்து வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை, விற்பவரின் ஆசை. உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பல சமயம் பெரிய பள்ளம் இருக்கும். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அதோடு கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்வதே நல்லது. உள்ளிருக்கும் அசல் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினால் ஆம்பின் மதிப்பும் போகும். பழைய மார்ஷல்கள் பலவற்றில் வோல்ட் மாற்றும் வசதி இருக்கிறது. கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்து, கையில் வந்து சேரும் விலையைப் போட்டுப் பாருங்கள். வால்வு ஆம்பை நீங்களே திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பழகிய கை மட்டுமே அங்கே போகலாம்.

விலை ஏறும் என்று எண்ணி வாங்காதீர்கள் என்பது என் யோசனை. மேலே சொன்ன பெயர்களை மறுபடி பாருங்கள். பேஸுக்கு ஒத்துவராத பாஸ்மேன், ஃபெண்டர் வாங்கக் காசில்லாதவர்களுக்காகச் செய்த மார்ஷல், மலிவு ரகச் சூப்ரோ, மாணவர்களுக்கான பிரின்ஸ்டன். டம்பிளையும் டிரெயின்ரெக்கையும் விட்டுவிட்டால், இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்பவற்றில் பல அன்று கையில் இருந்த காசுக்குக் கிடைத்தவை. எதிர்கால விலையைக் கணக்குப் போட்டு பேஜ் சூப்ரோவை எடுக்கவில்லை. அதில் அவருக்குப் பிடித்த ஒலி இருந்தது, நல்ல பாட்டும் கையில் இருந்தது. விலை முப்பது ஆண்டுகள் கழித்துப் பின்னால் ஓடி வந்தது. புகழ்பெற்றவரின் ஆம்பை வாங்குகிறவர் இன்னொருவர் காதுக்குக் காசு கொடுக்கிறார். அதில் தவறில்லை, தெரிந்து கொடுக்கட்டும்.

ஆகவே, உங்கள் காசுக்குள் கிடைக்கும் ஆம்புகளைக் கேளுங்கள். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கேளுங்கள். லேப் சீரீஸோ ஜாஸ் கோரஸோ வெள்ளி முகப்பு ட்வினோ உங்கள் கைக்குப் பேசினால் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை அவற்றை மதிக்காதது உங்களுக்கு லாபம். சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ, மெல்லிசைக் குழுவிலோ சர்ச் குழுவிலோ பழைய ஆம்ப் ஒன்றை வைத்து இன்றும் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைவிட, அதில் என்ன வாசிக்கிறீர்கள் என்று எழுதினால் மகிழ்வோம். தேர்ந்தெடுத்த கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்